டப்பா தேடிப் போன இடங்கள்

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'டப்பா தேடுவது'. வெளியே ஜியோகேஷிங் என்கிறார்கள். ஒளித்துவைத்த பெட்டிக்குக் கேஷ் என்று பெயர். முதல் தடவை "நாளைக்கு கேஷ் தேடப் போறோம்" என்று நான் சொன்னபோது அக்கா மகளுக்குக் கண் விரிந்தது. "எவ்வளவு சித்தி இருக்கும்?" என்றாள். அந்த கேஷ் இல்லை, இது வேறு ஸ்பெல்லிங், உள்ளே ஒரு காகிதமும் இரண்டு பொம்மையும் இருந்தாலே அதிகம் என்று விளக்கியதும் ஆர்வம் பாதியாகிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு அது டப்பாதான்.

விளையாட்டு என்னவோ எளிமையானது. யாரோ ஒருவர் ஓர் இடத்தில் நீர் புகாத டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஜியோகேஷிங் தளத்தில் பதிவார். நாம் ஜிபிஎஸ் துணையோடு அங்கே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் நம் புனைபெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சாமான்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால், அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் காத்திருக்கின்றன.

ஏழு வருடமாக இதைச் செய்துவருகிறேன். இப்போதெல்லாம் தெரியாத வட்டாரத்துக்குப் போனால், பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற பட்டியலைத் தேடுவதற்கு முன்னால் இந்த வரைபடத்தைத்தான் திறக்கிறேன். ஆனால் இதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வதற்குள் முதல் இரண்டு வருடம் வீணாகப் போனது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாளே சொதப்பல். கைபேசியில் செயலி இருந்தாலும், ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம் என்று ஒரு பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவியை இரவல் வாங்கி, எண்களைக் கையால் தட்டினேன். ஜியோகேஷிங்கில் எண்கள் பாகை, தசம நிமிடம் என்ற கணக்கில் வரும். உதாரணத்துக்கு, 20.345 என்றால் இருபது நிமிடமும் ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் 345 பங்கும். என் இரவல் கருவியோ பாகை, நிமிடம், விநாடி என்று வைக்கப்பட்டிருந்தது. நான் அதை 20 நிமிடம் 34.5 விநாடி என்று போட்டுவிட்டேன். சரியான கணக்கு 20 நிமிடம் 20.7 விநாடி. வித்தியாசம் வெறும் 14 விநாடிக்கும் குறைவு. ஆனால் அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் கிட்டத்தட்ட 31 மீட்டர். ஆக, வடக்குத் தெற்காக மட்டுமே 400 மீட்டருக்கு மேல் பிசகு. நானும் அக்கா மகளும் ஒரு முள்புதருக்குள் ஒன்றரை மணி நேரம் குடைந்தோம். டப்பா இருந்ததோ, எதிர்ப்பக்க மேட்டில் ஒரு கல் மேடைக்கு அடியில். கருவியில் எண் தட்டுகிறவர்கள் முதலில் அமைப்புக்குள் போய் எண் வடிவத்தையும், நிலத் தரவு (எண்களைப் பூமியோடு பொருத்தும் அளவுமுறை) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். செயலியில் நேராகத் திறந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அன்று எதிர்மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் கேட்டாள்: "இதை யாரு சித்தி கண்டுபிடிச்சது? வேற வேலை இல்லாம?" நல்ல கேள்விதான். அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர்வரை தள்ளியிருக்கும். கிளின்டன் ஆட்சியில், 2000 மே முதல் தேதி நள்ளிரவில் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். ஒரே இரவில் எல்லோருடைய கருவியும் பத்து மடங்கு துல்லியமானது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். துல்லியம் உண்மைதானா என்று சோதிக்கத்தான். வாளிக்குள் போட்டவற்றில் ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் உண்டு. சில நாட்களுக்குள் மைக் டீக் அதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே தளம் தொடங்கினார். டின் பீன்ஸ் என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் முள் கிழித்த கை மறந்துபோனது. (இப்போது உணவுப் பொருள் வைக்கக் கூடாது, நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் குழி தோண்டிப் புதைக்கவும் கூடாது. அந்த முதல் வாளி பாதி புதைந்திருந்தது! இன்றைய விதிப்படி அது தேறியிருக்காது.)

இன்னும் பின்னால் போனால், இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளியில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாத சதுப்பு மூலையில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு ஜியோகேஷிங்கின் உண்மையான தாத்தா இவர்தான். செயற்கைக்கோளைச் சோதிக்க இவர் பாத்திரம் வைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து பார்க்கத் தகுந்த இடம் இது என்று அதை வைத்துச் சொன்னார்.

இந்த வேறுபாடுதான் எனக்கு இரண்டு வருடம் புரியவில்லை. செயலியில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். பத்து, ஐம்பது, நூறு. அந்த எண் ஒரு போதை. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. சில சாலைகளில் அந்த இடைவெளியை மட்டும் விட்டு வரிசையாக டப்பா வைத்திருப்பார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒரு ஃபிலிம் டப்பா. வண்டியை நிறுத்து, இறங்கு, எடு, எழுது, வை, ஏறு. ஒரு விடுமுறை நாளில் அப்படி ஒரு பாதையில் 46 எடுத்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தாறு கம்பங்கள். அந்தச் சாலைக்கு இணையாக ஓர் ஆறு ஓடுகிறது என்பதே வரைபடத்தை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது.

கம்ப வரிசை பிடித்தவர்கள் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. எனக்கு அன்றோடு அது விட்டுப்போனது.

அடுத்த பயணத்தில் வேறு மாதிரி செய்தேன். நான்கு நாள், முன்பின் தெரியாத மலைப்பகுதி. வரைபடத்தில் இருநூற்றுச் சொச்சம் டப்பாக்கள் இருந்தன. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு சலிக்கத் தொடங்கினேன். முதல் சல்லடை, விருப்பப் புள்ளி. கட்டண உறுப்பினர் பத்து டப்பா கண்டுபிடித்தால், தனக்குப் பிடித்த ஒன்றுக்குக் கொடுக்க ஒரு புள்ளி கிடைக்கும். பத்துக்கு ஒன்று என்பதால் யாரும் அதை அள்ளி வீச மாட்டார்கள். அதில் மொத்தப் புள்ளியைப் பார்த்து ஏமாறக் கூடாது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய டப்பாவுக்கு ஆயிரம் பேர் வந்து நூறு பேர் புள்ளி கொடுத்திருப்பார்கள். மூன்று மணி நேர ஏற்றத்தில் இருப்பதற்கு முப்பது பேர் வந்து இருபத்தைந்து பேர் கொடுத்திருப்பார்கள். நான் தேடுவது இரண்டாவதை. விழுக்காட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, மதிப்பெண். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று தேடுவது எவ்வளவு கடினம், இன்னொன்று நிலம் எவ்வளவு கரடுமுரடு. இரண்டுமே 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகு, கயிறு மாதிரி தனிச் சாதனமே தேவைப்படும். ஓர் ஊரின் இயற்கையைப் பார்க்க வேண்டும் என்றால் எனக்குத் தோதான கலவை நிலம் 2.5 முதல் 3.5 வரை, தேடல் 1.5 அல்லது 2. நடந்து மூச்சு வாங்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் டப்பா சட்டென்று கிடைத்துவிட வேண்டும். மீதி நேரம் இடத்துக்கு. தேடல் 4, நிலம் 1 என்பது மண்டையைக் குடையும் சமாச்சாரம். அதை நம் தெருவுக்குப் பக்கத்தில் மழை நாளில் வைத்துக்கொள்ளலாம், நான்கு நாள் பயணத்தில் வேண்டாம்.

மூன்றாவது, விவரக் குறிப்பு. இதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. நான் இப்போது டப்பாவைத் தேர்ந்தெடுப்பதே அதைப் படித்துத்தான். 'வழக்கமான இடத்தில் ஒரு மைக்ரோ (குட்டி டப்பா), பேனா கொண்டு வரவும்' என்று ஒரே வரி இருந்தால் தாண்டிவிடுவேன். 'சின்ன வயதில் அப்பா என்னை இங்கே மீன் பிடிக்கக் கூட்டி வருவார், அந்தப் பாறை இன்னும் இருக்கிறது' என்ற ரீதியில் நான்கு பத்தி எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அந்த மலைப்பகுதியில் அப்படித் தேர்ந்தெடுத்த முதல் டப்பா, பெயர் பெற்ற ஓர் அருவிக்கு மேலே இருந்தது. எல்லோரும் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டப்பா வைத்தவர் பக்கவாட்டில் ஒரு பழைய நடைபாதையைக் காட்டி, இருபது நிமிடம் ஏறச் சொன்னார். ஏறினோம். அருவியாக விழுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் ஒரு தட்டையான பாறையில் சத்தமே இல்லாமல் விரிந்து ஓடுகிற இடம் அது. அங்கே யாருமே இல்லை. டப்பா ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. நாங்கள் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது.

அதே பயணத்தில்தான் டப்பாவே இல்லாத டப்பாவையும் முதன்முதலாகத் தேடினோம். எர்த்கேஷ் என்பார்கள், 2004-இல் தொடங்கிய வகை. அங்கே எதுவும் ஒளித்திருக்காது. நிலவியல் ரீதியாக ஏதோ ஒன்று இருக்கும்: மடிந்த பாறை அடுக்கு, பனிப்பாறை உருட்டிக் கொண்டுவந்து விட்ட கல், ஊற்று. குறிப்பைப் படித்து, கண்ணால் பார்த்து, சில கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு சாலைத் திருப்பத்தில், வண்டிகள் நிற்காமல் போகும் ஒரு வெட்டுப் பாறைச் சுவர் முன்னால் நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். எத்தனை நிறப் பட்டைகள், எது தடிமன், பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது, இதைச் சாய்த்தது எதுவாக இருக்கும். நான் மூன்று பட்டை என்றேன். "இல்ல சித்தி, அஞ்சு. கீழ கிட்டப் போய்ப் பாருங்க" என்றாள். ஐந்துதான். பள்ளிக்கூடத்தில் படிவுப் பாறை பற்றிப் பரீட்சைக்குப் படித்தவள்தான் நானும். சுவரில் கை வைத்துப் பார்த்தது அன்றுதான். எர்த்கேஷ் இருக்கும் வட்டாரத்தில் குறைந்தது ஒன்றையாவது விட்டுவிடாதீர்கள். திருடுபோகாது, நனையாது, கிடைக்காமல் போகாது.

பல கட்டமாகப் போகும் மல்ட்டி வகையும் ஊரைச் சுற்றிப் பார்க்க நல்லது. முதல் இடத்தில் ஒரு பாலத்தில் பொறித்த ஆண்டு, இரண்டாவதில் படிக்கட்டுகளின் எண்ணிக்கை, அதை இதோடு கூட்டினால் அடுத்த இடம் என்று இழுத்துக்கொண்டு போகும். ஒரே எச்சரிக்கை: கிளம்புவதற்கு முன்னால் மொத்த நடை எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பில் தேடுங்கள். நாங்கள் ஒரு முறை நான்கு மணிக்குத் தொடங்கி, இருட்டில் ஆறாவது கட்டத்தில் நின்று டார்ச் வெளிச்சத்தில் படிக்கட்டு எண்ணியிருக்கிறோம். எண்ணிக்கை இரண்டு பேருக்கும் வேறு வேறாக வந்தது.

அம்புக்குறியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் எங்களை ஆபத்தில் கொண்டு விட்டது. கருவியில் தெரியும் அம்பும் தூரமும் காக்கை பறக்கிற நேர்கோடு. 300 மீட்டர் என்று அது சொல்லும். நடுவில் ஓடை இருப்பது, செங்குத்துச் சரிவு இருப்பது அதற்குத் தெரியாது. அந்த மலைப் பயணத்தின் நாலாவது நாள், பாதை வளைந்து விலகிப் போகிறதே என்ற அவசரத்தில் அம்பை நம்பிச் சரிவில் இறங்கினேன். கால் வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. முப்பது மீட்டர் இறங்கியபின் கீழேயும் போக முடியாது, மேலே ஏறினால் வழுக்குகிறது என்ற நிலை. அவள் நல்லவேளை மேலேயே நின்றுவிட்டாள். வேரைப் பிடித்து, நான்கு காலில் தவழ்ந்து மேலே வர அரை மணி நேரம் பிடித்தது. பாதையிலேயே இன்னும் எண்ணூறு மீட்டர் போயிருந்தால், அது தானாக வளைந்து டப்பாவுக்குப் பத்தடி பக்கத்தில் கொண்டு விட்டிருக்கும். பாதையை விட்டு விலகுவது கடைசி 20, 30 மீட்டருக்கு மட்டும் என்பது அன்று முதல் எங்கள் சட்டம். குறிப்பில் நிறுத்துமிடம், பாதை தொடங்கும் இடம் என்று துணைப் புள்ளிகள் கொடுத்திருந்தால் முதலில் அவற்றைத்தான் நோக்கிப் போக வேண்டும்.

கடைசி பத்து மீட்டர் வேறு கதை. திறந்த வெளியிலேயே கைபேசி ஜிபிஎஸ் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் பிசகும். அடர்ந்த மரத்துக்கு அடியிலோ பாறைச் சுவருக்குப் பக்கத்திலோ சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால் இன்னும் மோசம். வைத்தவருடைய கருவியிலும் அதே அளவு பிசகு இருந்திருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஆகவே, தூரம் பூஜ்யம் என்று காட்டும் இடத்தில் மண்டியிட்டுத் தேடுவதில் அர்த்தமில்லை. இரண்டு மூன்று திசையிலிருந்து நடந்து வந்து, அம்பு எங்கே எங்கே திரும்புகிறது என்று பார்த்து ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். அப்புறம் கண்தான். 'நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?' இயற்கை குச்சிகளை ஒரே நீளத்தில் ஒரே பக்கமாக அடுக்காது. பொந்துக்கு முன்னால் கல் மூடி போட்டு வைக்காது. பக்கத்து மரத்தில் இல்லாத ஒரு மரப்பட்டை இந்த மரத்தில் மட்டும் தனியாகத் துருத்தாது. இரும்பு வேலியில் ஒரு திருகு மட்டும் துருப்பிடிக்காமல் இருந்தால் அது காந்தம் வைத்த குட்டி டப்பாவாக இருக்கலாம். பொந்தில் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பாம்புக்கும் தேளுக்கும் குளவிக்கும் நம் விளையாட்டு தெரியாது.

அளவையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மைக்ரோ என்றால் 100 மில்லிக்குக் கீழே. அதிலும் நானோ என்று சுண்டுவிரல் நுனி அளவில் ஒன்று உண்டு, 10 மில்லி கூட இருக்காது. ஸ்மால் ஒரு லிட்டர்வரை, ரெகுலர் இருபது லிட்டர்வரை, அதற்கு மேல் லார்ஜ். குழந்தைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் ஸ்மாலும் அதற்கு மேலும்தான். திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அவர்களுக்கு. ஒரு ரெகுலர் டப்பாவில் அவளுக்கு டிராவல் பக் என்ற உலோகத் தகடு கிடைத்தது. அதில் பொறித்த எண்ணைத் தளத்தில் போட்டால், அது எங்கே கிளம்பியது, எந்தெந்த டப்பாவில் தங்கியது என்று முழு வரலாறும் வரும். அந்தத் தகட்டின் சொந்தக்காரர் அது கடல் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நாங்கள் மலையில் இருந்தோம். ஐந்து மாதம் மேசையில் காத்திருந்து, கடற்கரைக்குப் போன முதல் சந்தர்ப்பத்தில் அங்கே ஒரு டப்பாவில் விட்டுவந்தோம். இவ்வளவு நாள் வைத்திருந்தது தப்பு. எடுத்தால் சீக்கிரம் நகர்த்த வேண்டும், முடியாதென்றால் எடுக்கக் கூடாது.

பையில் என்ன இருக்க வேண்டும்? பென்சில். பேனா ஈரக் காகிதத்தில் எழுதாது, இதை நான் மூன்று முறை அனுபவித்திருக்கிறேன். நானோவுக்குள் சுருட்டிய காகிதத்தை இழுக்க ஓர் இடுக்கி, டார்ச், கையுறை, சார்ஜ் ஏற்றும் பவர்பேங்க். டப்பா விவரத்தையும் வரைபடத்தையும் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல இடங்களில் சிக்னல் இருப்பதில்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, சரிவில் தொங்கிய அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. காலிப் பை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவது 2002 முதல் இந்த விளையாட்டில் ஒரு மரபு. அதற்கென்றே கூடுகைகளும் நடக்கின்றன.

தேடிக் கிடைக்காமல் போகும். நிறையப் போகும். அப்போது 'கிடைக்கவில்லை' என்று தளத்தில் பதிய வேண்டும். முதலில் எனக்கு அது வெட்கமாக இருந்ததால் பதியாமல் விட்டுவிடுவேன். ஒரு முறை ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, பேசாமல் திரும்பினேன். பிறகு பார்த்தால், எனக்கு அப்புறம் நான்கு பேர் அதே கரையில் தேடி, அவர்களும் பதியாமல் விட்டிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் பதிந்ததும், வைத்தவர் போய்ப் பார்த்து, வெள்ளத்தில் டப்பா போய்விட்டதாக எழுதினார். முதல் ஆளாக நான் எழுதியிருந்தால் மற்றவர்களுக்கு அலைச்சல் மிச்சம். அதனால் இப்போது போவதற்கு முன் கடைசி ஐந்து பதிவுகளைப் படிக்கிறேன். வரிசையாக 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் வேறு இடம். துப்பும் இருக்கும், ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப் பூட்டி வைத்திருப்பார்கள். செயலியில் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். கௌரவம் பார்த்து ஒரு மணி நேரம் கழித்துத் திறப்பதைவிடப் பதினைந்தாவது நிமிடத்தில் திறப்பது மேல். ஒரு இடத்தைச் சுற்றி வெகு நேரம் தேடினால் புல்லும் பாசியும் மிதிபட்டு, டப்பாவை நோக்கி ஒரு புதுத் தடமே விழுந்துவிடும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அது இன்னும் பெரிய தொந்தரவு.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் பார்த்தால்? பெஞ்சுக்கு அடியில் கை விட்டுத் துழாவும் இரண்டு பேரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவது, போன் பேசுவது என்று நடிப்போம். இவள் என்னைவிட நன்றாக நடிப்பாள். ஆனால் காவலரோ வனக் காவலரோ வந்து கேட்டால் நடிப்பு வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேலி தாண்ட வேண்டியிருந்தால் அந்த டப்பாவே வேண்டாம்.

போன வருடம் நாங்களே ஒன்று வைத்தோம். விடுமுறைக்குப் போகிற இடத்தில் வைக்க முடியாது. வைத்தவர் போய்ப் பராமரிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், நிலத்துக்கு உரியவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு மேடு உண்டு. சாயங்காலம் நாரைகள் கூட்டமாகத் திரும்புவது அங்கிருந்து தெரியும். மூன்று வெவ்வேறு நாளில் போய் எண்களை எடுத்துச் சராசரி போட்டோம். விவரக் குறிப்பை அவள்தான் எழுதினாள், நான்கு பத்தி. தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒப்புதல் கொடுத்து வெளியான அன்று இரவு இரண்டு முறை எழுந்து கைபேசியைப் பார்த்தாள் என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே முதல் பதிவு வந்துவிட்டது. 'கிடைத்தது. ஆனால் நாரை ஒன்றையும் காணோம், சாயங்காலம் வந்திருக்க வேண்டும் போல. மூடியில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, உள்ளே ஈரம்.' அவள் அதை மூன்று தடவை படித்தாள். "சனிக்கிழமை போய் மூடியை மாத்திடலாம் சித்தி" என்றாள். "நாலு மணிக்கு மேல கிளம்புவோம்."